ஒரே வாசல் என்றால் சட்டம் வேண்டும்

"சும்மா குடுக்கிறவன் மேல என்னாங்க கேசு?"

வடக்கனந்தல் டீக்கடை பெஞ்சில் நாளிதழை மடித்து வைத்துவிட்டு ஒரு பெரியவர் கேட்டார். 2025 மார்ச் கடைசி அது. கூகுளுக்கு விதித்த 936 கோடியே 44 லட்சம் ரூபாய் அபராதத்தைத் தேசிய கம்பெனிச் சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 216 கோடியே 69 லட்சமாகக் குறைத்த செய்தி வந்திருந்தது. பக்கத்தில் இருந்த இளைஞர், "அது பெரிய கம்பெனிங்க சண்டை பெரியப்பா, நமக்கென்னா வந்துச்சு?" என்றார். மூன்றாவது ஆள் பேச்சை முடித்து வைத்தார்: "எத்தினி கேசு போட்டாலும் அவங்கள ஒண்ணும் பண்ண முடியாது."

படித்தவர்கள் கூடும் இடங்களிலும் இதையேதான் கேட்கிறேன். சென்னையில் மென்பொருள் வேலையில் இருக்கும் சொந்தக்காரப் பிள்ளைகள் இன்னொன்றையும் சேர்த்துக்கொள்வார்கள்: திறமையால் வளர்ந்தவனை, வளர்ந்ததற்காகவே தண்டிக்கலாமா என்பார்கள். இந்த நான்கு பேச்சும் தவறு என்பது என் முடிவு. அதிலும் கரும்பு விளையும் இந்த மண்ணில் உட்கார்ந்துகொண்டு இப்படிப் பேசுவது, நம் தகப்பன்மார் பட்ட பாட்டையே மறந்து பேசுவது.

வடக்கனந்தலை ஒட்டியது கச்சிராயபாளையம். அங்கே கள்ளக்குறிச்சி-2 கூட்டுறவு சர்க்கரை ஆலை. இந்தப் பக்கம் கரும்பு போடுகிற யாரும் அதை நினைத்த ஆலைக்கு ஏற்றிவிட முடியாது. நட்டதும் பதிவு செய்ய வேண்டும். பதிவு செய்த ஆலையிடமிருந்து வெட்டு உத்தரவு வர வேண்டும். வெட்டிய கரும்பு வயலில் கிடந்தால் நாளுக்கு நாள் காய்ந்து எடை குறையும். டிராக்டரில் ஏற்றி ஆலை வாசலில் வரிசையில் நிற்கும்போதும் அது காய்ந்துகொண்டேதான் இருக்கும். எடைமேடையில் வண்டி ஏறி இறங்கும் வரை விவசாயிக்கு வயிற்றில் நெருப்பு. எந்த ஊர்க் கரும்பு எந்த ஆலைக்கு என்று எல்லை வகுக்க வழி செய்தது 1966-ஆம் ஆண்டின் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை. இரண்டு ஆலைகளுக்கு நடுவே குறைந்தது 15 கிலோமீட்டர் இடைவெளி வேண்டும் என்பதும் அதே ஆணையில் இருக்கிறது.

ஆக, வாங்குகிறவர் ஒருவரே என்ற நிலையை இங்கே சட்டமே உண்டாக்கியது. உண்டாக்கிய கையோடு அந்த ஒருவரின் கையையும் கட்டிப்போட்டது. மத்திய அரசு அறிவிக்கும் விலைக்குக் கீழே ஆலை வாங்கக் கூடாது. 2025-26 பருவத்துக்கு 10.25 சதவீத ரெக்கவரி உள்ள கரும்புக்குக் குவிண்டாலுக்கு 355 ரூபாய். கரும்பு இறக்கிய 14 நாளுக்குள் பணம் தர வேண்டும். தவறினால் ஆண்டுக்கு 15 சதவீத வட்டி சேர்த்துத் தர வேண்டும். ஆலைகள் இதை மீறியதே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. நிலுவை கேட்டுக் கரும்பு விவசாயிகள் சாலையில் உட்கார்ந்ததை இந்த மாநிலம் எத்தனையோ முறை பார்த்திருக்கிறது. ஆனால் அப்படி உட்கார்ந்தவர்கள் வெறுங்கையோடு உட்காரவில்லை. கேட்பதற்கு ஒரு விலை இருந்தது, ஒரு கெடு இருந்தது, ஒரு வட்டி விகிதம் இருந்தது. அந்தப் 14 நாளை விரல் விட்டு எண்ணிய அப்பாவைப் பார்த்து வளர்ந்தவன் நான்.

இனி கூகுளுக்கு வருவோம்.

போன மழைக்காலத்தில் கச்சிராயபாளையத்தில் ஒரு செல்போன் கடையில் காத்திருந்தேன். கல்வராயன் மலையிலிருந்து பஸ்ஸில் இறங்கி வந்த ஓர் அம்மா புதுப் போன் வாங்கிக்கொண்டிருந்தார். திருப்பூரில் வேலை பார்க்கும் மகனின் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டும், அவ்வளவுதான் அவருடைய தேவை. முடிச்சவிழ்த்து எண்ணி வைத்தது ஏழாயிரத்துச் சொச்சம். கடைப் பையன் போனை உயிர்ப்பித்துவிட்டுக் கேட்டான்: "மெயில் ஐடி இருக்காம்மா?" அவருக்கு அது என்னவென்றே தெரியவில்லை. பையனே ஒன்றை உண்டாக்கினான். பிறந்த தேதியை ஆதாரைப் பார்த்து அடித்தான். கடவுச்சொல்லைப் போன் அட்டைப்பெட்டியின் மூடியில் பேனாவால் எழுதிக் கொடுத்தான். பிறகு வரிசையாக வந்த பக்கங்களில் எல்லாம் "ஒத்துக்கொள்கிறேன்" என்பதை விறுவிறுவென்று அழுத்தினான். எதற்கு ஒத்துக்கொண்டோம் என்று அந்த அம்மா கேட்கவில்லை. பையனுக்கும் தெரிந்திருக்காது. திரை திறந்ததும் நடுவில் கூகுள் தேடல் பட்டை. கீழே குரோம், பிளே ஸ்டோர், மேப்ஸ், யூடியூப். "இதுக்கெல்லாம் காசு புடிப்பாங்களா தம்பி?" என்றார் அவர். "இதெல்லாம் ஃப்ரீம்மா" என்றான் அவன்.

அந்தத் திரையில் எது எங்கே இருக்க வேண்டும் என்பதை அந்த அம்மா முடிவு செய்யவில்லை. கடைக்காரரும் முடிவு செய்யவில்லை. போன் செய்யும் கம்பெனிகளால்கூட நீண்ட காலம் தம் விருப்பப்படி முடிவு செய்ய முடியவில்லை. பிளே ஸ்டோர் வேண்டுமா, அப்படியானால் எங்கள் செயலிகளை மொத்தமாக ஏற்று, தேடல் பட்டையை முகப்பில் வை என்பது 2023 வரை கூகுள் இங்கே போன் கம்பெனிகளோடு போட்டிருந்த ஒப்பந்தத்தின் சாரம். பிளே ஸ்டோர் இல்லாத ஆண்ட்ராய்டு போனை இந்தியாவில் யார் வாங்குவார்கள்? இங்குள்ள ஸ்மார்ட்போன்களில் 100-க்கு 95-க்கு மேல் ஆண்ட்ராய்டு. இதைத்தான் இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபர் 20-இல் ஆதிக்க நிலையை முறைகேடாகப் பயன்படுத்தியது என்று சொல்லி 1,337 கோடியே 76 லட்சம் ரூபாய் அபராதம் போட்டது. ஐந்து நாள் கழித்து, பிளே ஸ்டோர் கட்டண முறைக்காக வந்ததுதான் டீக்கடையில் பேசப்பட்ட அந்த 936 கோடி.

இலவசம் என்ற பேச்சை இங்கே நிறுத்திப் பார்க்க வேண்டும். கூகுள் தேடலுக்கு அந்த அம்மா காசு கொடுப்பதில்லை, சரி. அப்படியானால் உலகத்திலேயே மிகப் பெரிய வருமானங்களில் ஒன்று அந்த நிறுவனத்துக்கு எங்கிருந்து வருகிறது? விளம்பரத்திலிருந்து. விளம்பரத்துக்குக் காசு கொடுப்பவர் யார்? கள்ளக்குறிச்சியில் மனை விற்பவர், சேலத்தில் மருத்துவமனை நடத்துபவர், திருமணத்துக்குப் பட்டு விற்பவர். அவர்கள் கொடுத்த காசு மனையின் விலையிலும் சேலையின் விலையிலும் ஏறி நம் தலையில்தான் இறங்குகிறது. இது என் ஊகம் என்று யாரும் தள்ளிவிட வேண்டாம். வாஷிங்டனில் நீதிபதி அமித் மேத்தா 2024 ஆகஸ்ட் 5-இல் எழுதிய தீர்ப்பு, கூகுள் ஏகபோக நிறுவனம் என்பதோடு நிற்கவில்லை. தேடலில் வரும் எழுத்து விளம்பரங்களின் விலையைப் போட்டியாளர் பயமே இல்லாமல் அந்த நிறுவனத்தால் ஏற்ற முடிந்தது என்றும் கண்டது. போட்டி இருக்கும் சந்தையில் விலையை ஏற்றினால் ஆள் நகர்ந்துவிடுவார். இங்கே நகர்வதற்கு இடம் இல்லை.

திறமையால் வளர்ந்தவர்களை ஏன் தண்டிக்கிறீர்கள் என்று கேட்கும் பிள்ளைகளுக்குச் சட்டத்தைப் படித்துக் காட்ட ஆசைப்படுகிறேன். 2002-ஆம் ஆண்டின் போட்டிச் சட்டம், நான்காவது பிரிவு. ஆதிக்க நிலையில் இருப்பது குற்றம் என்று அதில் எங்கும் இல்லை. அந்த நிலையை முறைகேடாகப் பயன்படுத்துவதுதான் குற்றம். கூகுளின் தேடுபொறி நல்ல தேடுபொறி. 1998-இல் தொடங்கி, அன்றைக்கு இருந்த எல்லோரையும் விடச் சரியாகத் தேடித் தந்ததால்தான் அது முன்னால் வந்தது. அந்த வெற்றியை ஒரு நீதிமன்றமும் பறிக்கவில்லை, பறிக்கவும் கூடாது. கேள்வி, முன்னால் வந்த பிறகு என்ன செய்தது என்பது. அமெரிக்க வழக்கில் வெளிவந்த கணக்கு இது: போன்களிலும் உலாவிகளிலும் தன் தேடுபொறியே முதலில் நிற்பதற்காக 2021-இல் மட்டும் கூகுள் மற்ற நிறுவனங்களுக்குக் கொடுத்தது 2,630 கோடி டாலர். ஆப்பிளுக்கு மட்டும் 2022-இல் 2,000 கோடி டாலர். திறமை ஒன்றே போதுமென்றால் வாசலில் நிற்க எதற்கு இவ்வளவு வாடகை? பின்னால் வருகிறவனுக்கு அந்த வாசலில் நிற்க இடம் கிடைத்துவிடக் கூடாது என்பதற்குத்தான்.

இந்த இடத்தில் நம்மவர்களுக்கு ஒரு மனத்தடை இருப்பதை நான் அறிவேன். சுந்தர் பிச்சை மதுரையில் பிறந்து சென்னையில் வளர்ந்தவர். அவர் நடத்தும் நிறுவனத்தைக் கூண்டில் ஏற்றுவது நம் வீட்டுப் பிள்ளையைக் கூண்டில் ஏற்றுவது போலச் சிலருக்குப் படுகிறது. அவர் எட்டிய உயரத்தில் எனக்கும் பெருமை உண்டு. ஆனால் அதே வழக்கில் தீர்ப்பு எழுதிய அமித் மேத்தா குஜராத்தின் பாடனில் பிறந்தவர். 2023 அக்டோபரில் பிச்சை அவர் முன்னால்தான் சாட்சி சொன்னார். நீதிபதி ஊர்ப்பாசம் பார்க்கவில்லை; நாமும் பார்க்க வேண்டியதில்லை.

பெரிய கம்பெனிகளின் சண்டை, நமக்கென்ன என்ற இளைஞருக்கு ஒரு நாளை நினைவுபடுத்த வேண்டும். 2024 மார்ச் 1. அன்று பிளே ஸ்டோரிலிருந்து இந்திய நிறுவனங்கள் பலவற்றின் செயலிகள் காணாமல் போயின. முருகவேல் ஜானகிராமன் தொடங்கிய, சென்னையில் இயங்கும் மேட்ரிமோனி.காம் நிறுவனத்தின் பாரத் மேட்ரிமோனி போனது. அதோடு சேர்ந்து ஜோடி என்ற செயலியும் போனது. ஜோடி யாருக்காக நடக்கிறது தெரியுமா? பட்டப்படிப்பு இல்லாத, சாதாரண வேலை பார்க்கிற குடும்பத்துப் பிள்ளைகளுக்கு வரன் தேட, தமிழ் முதலான நம் மொழிகளில் நடக்கிறது. நம் ஊர்ப் பிள்ளைகளுக்காகத்தான் என்று வைத்துக்கொள்ளலாம். வேலை தேடும் நவுக்ரியும் அன்று போனது.

காரணம் கட்டணத் தகராறு. செயலிக்குள் நடக்கும் டிஜிட்டல் விற்பனையில் 15 முதல் 30 சதவீதம் வரை கூகுளுக்குப் போக வேண்டும். வேறு கட்டண வழியையும் சேர்த்து வைத்துக்கொள்ளலாம் என்று பிறகு ஒரு தெரிவு வந்தது. அந்த வழியில் பணம் வந்தாலும் 11 முதல் 26 சதவீதம் கொடுத்தாக வேண்டும். பணத்தை வாங்கிக் கொடுக்கும் வேலையை வேறொருவர் செய்கிறார். கமிஷனில் நான்கு சதவீதம்தான் குறைகிறது. இதை எதிர்த்து இந்திய நிறுவனங்கள் சென்னை உயர் நீதிமன்றம் போயின. 2023 ஆகஸ்டில் தனி நீதிபதி, இது போட்டி ஆணையம் பார்க்க வேண்டிய விஷயம் என்று மனுக்களை ஏற்க மறுத்தார். 2024 ஜனவரியில் இரண்டு நீதிபதிகள் அமர்வும் அதையே சொன்னது. பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் இடைக்கால நிவாரணம் தரவில்லை. மார்ச் முதல் நாள் செயலிகள் போயின.

கூகுள் தரப்பில் சொன்னதையும் சொல்லிவிடுகிறேன். மூன்று ஆண்டுக்கு மேல் அவகாசம் கொடுத்தோம், இந்தியாவில் பிளே ஸ்டோரைப் பயன்படுத்தும் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட செயலி உருவாக்குநர்களில் நூற்றுக்கு மூன்று பேர்தான் கட்டணமே கட்ட வேண்டியவர்கள் என்றது. கணக்கு சரியாகவே இருக்கட்டும். அந்த மூன்று பேர் யார்? டிஜிட்டல் பொருளை விற்று நாலு காசு பார்க்கத் தொடங்கியவர்கள். நாளைக்கு இங்கிருந்து ஒரு பெண் மலைவாழ் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தரும் செயலி செய்து, அது ஓடி, சந்தா வரத் தொடங்கினால், அன்றைக்கு அவளும் நூற்றில் மூன்று பேரில் ஒருத்தி. இதற்கு மேல், கூகுளின் சொந்த யூடியூபுக்கு மற்றவர்களுக்குள்ள அந்தக் கட்டண முறை பொருந்தாமல் இருந்ததைப் போட்டி ஆணையம் 2022 ஆணையிலேயே பாகுபாடு என்று எழுதியிருக்கிறது.

செயலிகள் எப்படித் திரும்பி வந்தன என்பதைத்தான் அந்த இளைஞர் கவனிக்க வேண்டும். தீர்ப்பால் வரவில்லை. அப்போதைய தகவல் தொழில்நுட்ப அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் நிறுவனத்தைக் கூப்பிட்டுப் பேசினார். சில நாளில் வந்தன. பாரத் மேட்ரிமோனிக்காக அமைச்சர் பேசினார், நல்லது. வடக்கனந்தலிலிருந்து ஒருவர் செய்த செயலி நீக்கப்பட்டால் அமைச்சர் கூப்பிடுவாரா? பெரியவர்களுக்கு அமைச்சரின் தொலைபேசி எண் இருக்கிறது. சிறியவர்களுக்குச் சட்டம் மட்டும்தான் இருக்கிறது. ஆகவே இது பெரிய கம்பெனிகளின் சண்டை என்று ஒதுங்கிக்கொள்ளும் உரிமை நமக்கு இல்லை.

வேண்டாமென்றால் விட்டுவிட்டுப் போகலாமே என்பார்கள். எங்கே போவது? 2023 ஜனவரி முதல் நூறு நாள் வேலைக்கு வருகைப் பதிவே கைப்பேசிச் செயலியில்தான் என்றானது. சிக்னல் விட்டு விட்டு வரும் கல்வராயன் மலைக் கிராமங்களுக்கும் அதே விதி. பெட்டிக்கடையில் கியூஆர் அட்டை, பள்ளிக்கூடத்துச் செய்திக்கு வாட்ஸ்அப் குழு. அரசும் கடையும் பள்ளியும் சேர்ந்து ஒரு திரையின் முன்னால் கொண்டுபோய் நிறுத்திய பிறகு, அந்தத் திரை உன் விருப்பம் என்று சொல்வது நியாயம் ஆகாது.

விளம்பரச் சந்தை பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். மண்டிக்குப் போகிறவர்களுக்கு இது உடனே விளங்கும். வியாபாரியே தராசைப் பிடித்து, வியாபாரியே விலை சொல்லி, கையில் துண்டைப் போட்டுப் பேரம் முடித்த காலம் ஒன்று இருந்தது. அதைச் சரிசெய்யத்தான் சென்னை மாகாணத்தில் 1933-இல் வணிகப் பயிர்ச் சந்தைச் சட்டம் வந்தது. இன்று நம் மாவட்டத்தில் இயங்கும் ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களுக்கு வேர் அங்கேதான் இருக்கிறது. எடை போடுவதும் ஏலம் விடுவதும் வாங்குகிறவரின் கையில் இருக்கக் கூடாது என்பது அதன் அடிப்படை. இணைய விளம்பரத்தில் இன்று என்ன நிலை? இணையதளம் வைத்திருப்பவர் தன் இடத்தை விற்கப் பயன்படுத்தும் கருவி கூகுளுடையது. விளம்பரம் கொடுப்பவர் வாங்கப் பயன்படுத்தும் கருவியும் கூகுளுடையது. நடுவில் ஏலம் நடக்கும் கூடமும் கூகுளுடையது. வர்ஜீனியாவில் நீதிபதி லியோனி பிரிங்கிமா 2025 ஏப்ரல் 17-இல், இடத்தை விற்கும் கருவியிலும் ஏலக் கூடத்திலும் அந்த நிறுவனம் சட்டவிரோதமாக ஏகபோகத்தைக் கட்டிக்காத்தது என்று தீர்ப்புச் சொன்னார். ஐரோப்பிய ஆணையம் அதே ஆண்டு செப்டம்பரில் இதே துறைக்காக 295 கோடி யூரோ அபராதம் போட்டது. இங்கே டிஜிட்டல் செய்தி வெளியீட்டாளர் சங்கம் கொடுத்த புகாரில் 2022 ஜனவரியிலேயே விசாரணைக்கு உத்தரவாகிவிட்டது. தமிழில் செய்தித்தளம் நடத்துகிறவரின் வருமானம் இந்த ஏலத்தில்தான் நிர்ணயம் ஆகிறது.

போன் கம்பெனிகளோடு போட்ட ஒப்பந்தங்களில் கை வைத்தால் போன் விலை ஏறிவிடும் என்று ஒரு பயமுறுத்தலும் உண்டு. 2023 ஜனவரியில் கூகுளே இதை வெளிப்படையாக எழுதியது. முழுப் பொய் என்று நான் தள்ளவில்லை. 2018-இல் அந்த ஒப்பந்தங்களை ஐரோப்பா தடுத்தபோது அங்கே போன் கம்பெனிகளிடம் தன் செயலிகளுக்கு உரிமக் கட்டணம் வாங்கப்போவதாக அந்த நிறுவனம் அறிவித்தது. ஆனால் அறிவித்த கட்டணம் கண்ணுக்குத் தெரிகிற கட்டணம். அதைப் பார்த்து ஒரு கம்பெனி வேண்டாம் என்று சொல்லலாம், பேரம் பேசலாம், வேறு செயலியோடு போனை மலிவாகக் கொடுக்கலாம். இப்போது நாம் கொடுப்பது எவ்வளவு என்று எந்த ரசீதிலும் இல்லை. ரசீது இல்லாத விலையை விட ரசீதோடு வரும் விலையை நம்புகிறவன் நான்.

இனி, ஒன்றும் பண்ண முடியாது என்றவருக்கு. நான்கு பேச்சிலும் ஆபத்தானது இதுதான். ஏனென்றால் மற்ற மூன்றைச் சொல்கிறவர் வாதாடுகிறார். இவர் கையைக் கழுவுகிறார்.

அபராதத் தொகையை மட்டும் பார்த்தால் அவர் சொல்வது சரி போலத்தான் தெரியும். 1,337 கோடி அந்த நிறுவனத்துக்குப் பெரிய தொகை இல்லை. ஆனால் ஏகபோக வழக்கில் நிறுவனம் பயப்படுவது உத்தரவுகளுக்கு. இதைச் செய்யாதே, அதைத் திறந்து விடு என்று ஆணையம் 2022-இல் போட்ட உத்தரவுகளை நிறுத்தி வைக்கக் கேட்டுத்தான் கூகுள் உச்ச நீதிமன்றம் வரை ஓடியது. 2023 ஜனவரி 19-இல் தலைமை நீதிபதி சந்திரசூட் அமர்வு தடை தர மறுத்தது. ஆறே நாளில், ஜனவரி 25-இல், கூகுள் இறங்கி வந்தது: போன் கம்பெனிகள் இந்தியாவில் செயலிகளைத் தனித்தனியாக உரிமம் பெறலாம், புதுப் போனை அமைக்கும்போது தேடுபொறியைப் பயனரே தேர்ந்துகொள்ளலாம் என்று அறிவித்தது. ஒண்ணும் பண்ண முடியாது என்பது பொய் என்று காட்ட எனக்கு இந்த ஆறு நாள் போதும்.

பின்னடைவும் உண்டு. 2023 மார்ச் 29-இல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அந்த 1,337 கோடி அபராதத்தை உறுதி செய்தது. பத்து உத்தரவுகளில் நான்கை நீக்கியது. நீக்கியதில் ஒன்று, போனோடு வந்த செயலியைப் பயனர் அழித்துவிடும் உரிமை. இரு தரப்பும் உச்ச நீதிமன்றம் போயிருக்கின்றன. ஐரோப்பாவில் 2019-இல் போட்ட 149 கோடி யூரோ அபராதத்தை 2024-இல் அங்குள்ள நீதிமன்றம் ரத்தும் செய்தது. அமெரிக்காவில் 2025 செப்டம்பர் 2-இல் மேத்தா, குரோமை விற்கச் சொல்லும் அரசின் கோரிக்கையை ஏற்கவில்லை. பிரத்யேக ஒப்பந்தங்களைத் தடுத்து, தேடல் தரவில் ஒரு பகுதியைப் போட்டியாளர்களோடு பகிரச் சொன்னதோடு நிறுத்திக்கொண்டார். நிறுவனம் ஜெயிக்கும் வழக்கும் உண்டு, தோற்கும் வழக்கும் உண்டு. சட்டம் உயிரோடு இருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். 2001-இல் மைக்ரோசாஃப்டும் இப்படித்தான் பிளவுபடாமல் தப்பியது. ஆனால் ஏகபோகத்தைச் சட்டவிரோதமாகக் காத்தது என்ற முடிவிலிருந்து தப்பவில்லை. அன்று அதன் கை தளர்ந்த இடைவெளியில்தான் மூன்றே வயதான கூகுள் மூச்சு விட்டு வளர்ந்தது என்று நான் கருதுகிறேன்.

அபராதமும் இனி பழைய அளவில் நிற்காது. 2023-இல் திருத்திய போட்டிச் சட்டம், அபராதத்தை உலகம் முழுவதுமுள்ள வருமானத்தை வைத்துக் கணக்கிட வழி செய்திருக்கிறது. உச்ச வரம்பு 10 சதவீதம். இதை எதிர்த்து ஆப்பிள் 2025-இல் டெல்லி உயர் நீதிமன்றம் போனது. தன் மீது 3,800 கோடி டாலர் வரை விழலாம் என்பது அதன் பயம். ஒண்ணும் பண்ண முடியாத சட்டத்தை எதிர்த்து யாரும் இவ்வளவு பெரிய வக்கீல் வைப்பதில்லை.

தாமதம்தான் உண்மையான குறை. அதை ஒப்புக்கொள்கிறேன். பாரத் மேட்ரிமோனி கூகுள் தேடலில் பாரபட்சம் என்று ஆணையத்துக்குப் போனது 2012-இல். 135 கோடியே 86 லட்சம் ரூபாய் அபராத உத்தரவு வந்தது 2018 பிப்ரவரியில். ஆறு ஆண்டு. அதன் பிறகு மேல்முறையீடு. இணையத்தில் ஆறு ஆண்டு என்பது ஒரு தொழில் பிறந்து, வளர்ந்து, செத்துப்போகும் காலம். ஆனால் தாமதத்தைக் காட்டிச் சட்டமே வேண்டாம் என்பவர்கள் ஒரு முறை மேற்கே நிமிர்ந்து பார்க்க வேண்டும். கல்வராயன் மலை 1976 வரை ஜாகிர்தார்களின் கையில் இருந்தது. நாடு விடுதலை பெற்று 29 ஆண்டு கழித்துத்தான் அரசு அதை எடுத்தது. அந்த 29 ஆண்டில் கீழே இருந்த எத்தனை பேர் ஒண்ணும் பண்ண முடியாது என்று சொல்லியிருப்பார்கள்! மலையில் இன்னும் தீராத குறைகள் ஏராளம். ஆனாலும் இன்று அங்கே ஜாகிர் இல்லை.

தாமதத்துக்கு மருந்தும் தெரிந்ததுதான். தவறு நடந்த பிறகு பத்து ஆண்டு விசாரிப்பதற்குப் பதிலாக, பெரிய தளங்கள் எதைச் செய்யக் கூடாது என்று முன்கூட்டியே எழுதி வைப்பது. கரும்பு ஆணையில் 14 நாள் என்று முன்கூட்டியே எழுதி வைத்தது போல. ஐரோப்பா அப்படி ஒரு சட்டத்தை 2024 மார்ச் முதல் நடைமுறைப்படுத்துகிறது. அதே மாதம் இந்தியாவிலும் மத்திய அரசு அமைத்த குழு டிஜிட்டல் போட்டி மசோதாவின் வரைவை வெளியிட்டது. சொந்தச் சரக்கை முன்னால் தள்ளக் கூடாது, ஒரு சேவையோடு இன்னொன்றைக் கட்டாயமாகக் கட்டிவிடக் கூடாது, ஒரு சேவையில் சேர்த்த தரவைக் கேட்காமல் இன்னொன்றுக்குப் பயன்படுத்தக் கூடாது என்பவை அதில் இருந்தன. தொழில் வளர்ச்சி தடைப்படும் என்று எதிர்ப்பு கிளம்பியது. வரைவு இன்னும் சட்டமாகவில்லை.

அடுத்த முறை நம் நாடாளுமன்ற உறுப்பினர் வடக்கனந்தலுக்கு வரும்போது சாலைக்கும் தண்ணீருக்கும் மனு கொடுப்போம். அந்த மனுவில் இதையும் ஒரு வரி சேர்த்து எழுதுங்கள்: டிஜிட்டல் போட்டி மசோதா எங்கே நிற்கிறது, அதை நிறைவேற்ற நீங்கள் அவையில் எப்போது பேசினீர்கள்?